எதிர்காற்றும் ஈரவட்டமும்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ரமோனா என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெரிய அரங்கோ கூட்டமோ அங்கே கிடையாது. புல்வெளி உண்டு, அதன்மேல் ஓயாமல் வீசும் சமவெளிக் காற்று உண்டு. 2025 ஏப்ரல் 13 அன்று லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா அங்கே வட்டை 75.56 மீட்டர் எறிந்தார். உலக சாதனை. அன்றுவரை இருந்த சாதனையும் அவருடையதுதான். ஓராண்டுக்கு முன்னால் இதே ஊரில் 74.35 எறிந்திருந்தார். அதற்கு முன்பு இருந்தது கிழக்கு ஜெர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986-ல் எறிந்த 74.08. ஏறத்தாழ 38 ஆண்டுகள் அந்த எண்ணை யாராலும் அசைக்க முடியவில்லை.

அதே 2025 செப்டம்பரில் டோக்கியோவில் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. மழை கொட்டியது. போட்டியை நிறுத்தி, எறிவட்டத்தைத் துடைத்து, மறுபடி தொடங்கினார்கள். சிமென்ட் தரையில் கால் வழுக்கி வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஃபவுல் ஆனார்கள். அலெக்னாவுக்குக் கிடைத்தது 67.84, வெள்ளிப் பதக்கம். ஸ்வீடனின் டேனியல் ஸ்டால் தன் கடைசி வீச்சில் 70.47 எறிந்து தங்கத்தைக் கொண்டுபோனார். அலெக்னாவுக்கு இது புதிதல்ல. 2022 உலகப் போட்டியில் வெள்ளி, 2023-ல் வெண்கலம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. பாரிஸில் 69.97 எறிந்து ஒலிம்பிக் சாதனையே படைத்தார். சிறிது நேரத்தில் ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா 70.00 எறிந்தார். மூன்று சென்டிமீட்டரில் போயிற்று தங்கம்.

ஆண்களில் எவரையும்விட அதிகத் தூரம் எறிந்தவர் 2025 முடிய ஒலிம்பிக்கிலோ உலகப் போட்டியிலோ தங்கம் வெல்லவில்லை. அவரை உலகின் முதல் வட்டெறி வீரர் என்று சொல்லலாமா, கூடாதா? வட்டெறிபவரின் வாழ்க்கையை எதைக்கொண்டு அளப்பது என்பது இந்த விளையாட்டில் பழைய வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்பதோடு, வராமலிருப்பதற்குக் காரணமும் உண்டு என்பது என் எண்ணம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஆண்கள் எறியும் வட்டு 2 கிலோ, குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். பெண்களுடையது அதில் பாதி எடை. இலங்கைத் தமிழர் இதைப் பரிதிவட்டம் என்பார்கள். நம் ‘வட்டு’ சுருக்கமானது, அவர்களுடையது அழகானது. இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி எறிய வேண்டும். சிறந்தவர்களின் கையை விட்டு அது நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. பள்ளி மைதானத்தில் ஒரு தடவையாவது எறிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை விரல்களால் இறுக்கிப் பிடிப்பதே இல்லை. சுற்றும் வேகத்தில் அது கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகச் சுட்டுவிரலை உரசிக்கொண்டு போகவேண்டும். அந்த உரசலில் வட்டு தன்னைத்தானே சுழன்று நிலைபெறும். உரசல் தவறினால் சாப்பாட்டுத் தட்டு விழுவதுபோல அலைந்து விழும்.

சுழன்று சாய்வாகப் பறக்கும் வட்டு ஓர் இறக்கைக்குச் சமம். குண்டு காற்றைப் பொருட்படுத்தாது. வட்டு காற்றை நம்பித்தான் இருக்கிறது. முதுகில் வீசும் காற்று ஓடுகிறவருக்கு லாபம் என்றால், முகத்தில் வீசும் காற்று வட்டெறிபவருக்கு லாபம். பட்டம் விடுகிற சிறுவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலக்கைக்காரருக்கு எதிரே சற்று வலப்பக்கத்திலிருந்து காற்று வந்தால் பல மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும்.

நூறு மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனையை ஏற்க மாட்டார்கள். வட்டெறிதலுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. ஆகவே தூரத்தைத் தேடுகிறவர்கள் காற்றைத் தேடிப் போகிறார்கள். ரமோனா, காற்றின் திசை பார்த்து எறிவட்டங்கள் அமைத்த களம். ஒலிம்பிக் நடப்பதோ நான்கு புறமும் மதில்போல் பார்வையாளர் மாடங்கள் எழுந்து நிற்கும் அரங்கில். அங்கே காற்று செத்துக் கிடக்கும். ஆண்கள் உலக சாதனை 75.56, ஒலிம்பிக் சாதனை 70.00. ஐந்தரை மீட்டர் இடைவெளி! நூறு மீட்டர் ஓட்டத்தில் உசேன் போல்ட்டின் உலக சாதனை 9.58 நொடி, ஒலிம்பிக் சாதனை 9.63. அங்கே அரை விழுக்காடு வித்தியாசம். இங்கே ஏழு விழுக்காட்டுக்கு மேல்.

ரமோனா சாதனைகள் போலி என்று இதற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்கு அங்கே எறிந்த ஆஸ்திரேலியாவின் மாத்யூ டென்னியும் 74.78 தொட்டார், ஷுல்ட்டின் பழைய எண்ணைத் தாண்டி. காற்று அவருக்கும் அதுதான், அலெக்னாவுக்கும் அதுதான். வட்டின் மூக்கு ஒரு பாகை கூடுதலாக நிமிர்ந்தால் அதே காற்று அதைத் தூக்கிப் பின்னால் போட்டுவிடும். காற்றில் எறியத் தெரிவதும் ஒரு வித்தைதான். ஆனால் அது வேறு வித்தை.

மற்ற வித்தை எது என்று கேட்டால் ஆல் ஓர்ட்டரைப் பற்றிப் பேசாமல் முடியாது. நியூயார்க்கில் 1936-ல் பிறந்தவர். பள்ளியில் ஓட்டக்காரர். ஒருநாள் யாரோ எறிந்த வட்டு ஓடுதளத்தில் அவர் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். அது எறிந்தவர்கள் தலைக்கு மேலே போய் அப்பால் விழுந்தது. பயிற்சியாளர் அன்றைக்கே ஆளை மாற்றிவிட்டார். கதை கொஞ்சம் நேர்த்தியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓர்ட்டரே சொன்னது.

1956 மெல்போர்னில் அவருக்கு 20 வயது. உலக சாதனையாளர் ஃபார்ச்சூன் கார்டியன் களத்தில் இருந்தார். ஓர்ட்டர் முதல் வீச்சிலேயே 56.36 எறிந்து கதையை முடித்தார். மறு ஆண்டு கார் விபத்து, பிழைத்ததே பெரிது. 1960 ரோமில் நான்கு சுற்று வரை முன்னிலையில் இருந்தவர் அவருடைய நாட்டுக்காரர் ரிங்க் பாப்கா, உலக சாதனையைச் சமன் செய்தவர். ஐந்தாவது வீச்சுக்கு முன்னால் ஓர்ட்டரிடம், உன் இடக்கை சரியான இடத்தில் இல்லை என்று சொன்னவரும் அதே பாப்காதான். ஓர்ட்டர் கையைச் சரிசெய்துகொண்டு 59.18 எறிந்தார். பாப்காவுக்கு வெள்ளி. போட்டியாளரிடம் குறையைச் சொல்லித் தங்கத்தை இழந்த பாப்காவை விளையாட்டு வரலாறு இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கொண்டாடியிருக்கலாம்.

1964 டோக்கியோவுக்கு வரும்போது ஓர்ட்டருக்குக் கழுத்துத் தண்டில் பழைய வலி, கழுத்துப் பட்டையோடு பயிற்சி. போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் விலாக் குருத்தெலும்பு கிழிந்தது. ஆறு வாரம் ஓய்வு என்றார்கள் மருத்துவர்கள். உலக சாதனை செக்கோஸ்லோவாக்கியாவின் லுத்விக் தானெக் கையில், 64.55, அப்போது அவரை வெல்வார் இல்லை. விலாவைச் சுற்றிக் கட்டுப் போட்டு, பனிக்கட்டி வைத்து இறங்கிய ஓர்ட்டர் ஐந்தாவது வீச்சில் 61.00 எறிந்தார். வலியில் மடங்கி நின்றார், வட்டு விழுந்த இடத்தைப் பார்க்கக்கூட நிமிரவில்லை என்பார்கள். தானெக் 60.52.

பிறகு 1968 மெக்சிகோ நகரம். இம்முறை உலக சாதனையாளர் ஜே சில்வெஸ்டர். ஒரு மாதம் முன்புதான் நெவாடாவின் ரீனோவில் 68.40 எறிந்திருந்தார். தகுதிச் சுற்றில் ஒலிம்பிக் சாதனையும் அவருடையது. இறுதிப் போட்டியன்று மழை, தாமதம், ஈரவட்டம். மூன்றாவது வீச்சில் ஓர்ட்டர் 64.78 எறிந்தார், அவர் வாழ்நாளில் அதுவரை எறிந்ததிலேயே நெடியது. சில்வெஸ்டர் 61.78-உடன் ஐந்தாம் இடம்.

நான்கு ஒலிம்பிக், நான்கு தங்கம், நான்கு முறையும் ஒலிம்பிக் சாதனை. அந்த நான்கு நாட்களில் ஒருநாளாவது உலக சாதனை அவர் பெயரில் இருந்ததா என்றால் இல்லை. 1962 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் 61.10 எறிந்து 200 அடியை முறைப்படி தாண்டிய முதல் மனிதர் ஆனார். சாதனை சில வாரத்தில் சோவியத் வீரர் ஒருவரிடம் போனது, திரும்பப் பிடித்தார், மறுபடி இழந்தார். ஒலிம்பிக் ஆண்டு வரும்போது எண் யாரோ ஒருவரிடம் இருக்கும், பதக்கம் இவரிடம் வரும். இத்தனைக்கும் விமானக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் போய் எறிந்தவர்.

இதை ஓர்ட்டரின் மனஉறுதி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது வழக்கம். அது போதாது என்று நினைக்கிறேன். மெக்சிகோவிலேயே பெண்கள் போட்டியைப் பாருங்கள். 60 மீட்டரைத் தாண்டிய முதல் பெண், உலக சாதனையாளர், மேற்கு ஜெர்மனியின் லீசெல் வெஸ்டர்மான் வந்திருந்தார். தங்கம் வென்றதோ ருமேனியாவின் லியா மனோலியு, வயது 36, கையில் காயம், முதல் வீச்சில் 58.28. இருபது ஆண்டு கழித்து, 1988 ஜூலையில், கிழக்கு ஜெர்மனியின் கேப்ரியேல் ரைன்ஷ் 76.80 எறிந்தார். பெண்கள் உலக சாதனையாக இன்றும் நிற்பது அது. இரண்டு மாதம் கழித்து சியோல் ஒலிம்பிக்கில் அவருக்கு ஏழாம் இடம். ஷுல்ட்டின் 74.08 பிறந்த அதே நாய்பிராண்டன்பர்க் களத்தில் பிறந்ததுதான் இந்த 76.80-உம்.

எதிர் உதாரணங்கள் இல்லாமல் இல்லை. ஷுல்ட் அதே சியோலில் தங்கம் வென்றார். அமெரிக்காவின் மாக் வில்கின்ஸ் 1976 மே 1 அன்று ஒரே பிற்பகலில் அடுத்தடுத்து மூன்று முறை உலக சாதனையை உயர்த்தி 70.86-இல் நிறுத்தினார், அந்தக் கோடையில் மாண்ட்ரியால் தங்கமும் அவருக்கே. ஆனால் இவர்கள் விதிவிலக்கு என்றே கணக்கு சொல்கிறது.

காரணத்தை நான் போட்டியின் அமைப்பிலேயே தேடுவேன். இறுதிப் போட்டியில் 12 பேர். முதலில் மூன்று வீச்சு. அதில் முன்னணியில் இருந்தால்தான் மேலும் வீச்சு. ஒவ்வொரு வீச்சும் ஒன்றரை நொடி வேலை. இடையில் கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், உடம்பு ஆறும், ஈரம் ஏறும், அடுத்தவர் எறிந்த எண் பலகையில் மின்னும். திறந்த வெளியில் நாள் முழுக்க நல்ல காற்றுக்குக் காத்திருந்து ஒரு பெருவீச்சு வீசுகிறவருக்கும், வழுக்கும் சிமென்ட்டில், செத்த காற்றில், தன் சிறந்த தூரத்தில் ஐந்து விழுக்காட்டுக்குள் எப்போது கேட்டாலும் எறியக்கூடியவருக்கும் பயிற்சியே வேறு. குரோஷியாவின் சாண்ட்ரா பெர்கோவிச் 2016 ரியோ இறுதியில் முதல் இரண்டு வீச்சும் ஃபவுல். மூன்றாவதும் போனால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த மூன்றாவது 69.21, தங்கம். அமெரிக்காவின் வேலரி ஆல்மன் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நேர்மாறு: முதல் வீச்சிலேயே 68.98. அப்புறம் மழை வந்து வட்டத்தை நனைத்தது, யாராலும் எட்ட முடியவில்லை. சிறு வயதில் நடனம் கற்றவர் ஆல்மன். கால் பாதம் எங்கே விழுகிறது என்ற அறிவு நடனத்திலிருந்து வட்டத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஸ்டால் கடைசி வீச்சில் வெல்வதும் முதல் தடவை அல்ல. 2023 புடாபெஸ்டில் ஸ்லோவேனியாவின் கிறிஸ்டியன் செஹ் கடைசிச் சுற்றில் 70.02 எறிந்து முந்தினார். அடுத்து வந்த ஸ்டால் 71.46 எறிந்தார்.

இந்த இரண்டாவது வித்தை வயதோடு கூடுகிறது. அதனால்தான் ஓட்டக்காரர்கள் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் ஆகும் வயதில் வட்டெறிபவர்கள் பதக்கம் வாங்குகிறார்கள். டோக்கியோவில் ஓர்ட்டரிடம் தோற்ற தானெக், மெக்சிகோவில் வெண்கலம் வாங்கி, 1972 மியூனிக்கில் 35 வயதில் தன் கடைசி வீச்சில் சில்வெஸ்டரை முந்தித் தங்கம் வென்றார். சில்வெஸ்டருக்கு வெள்ளி, கடைசிவரை அவருக்குத் தங்கம் வாய்க்கவில்லை. மனோலியு 1952 முதல் 1972 வரை ஆறு ஒலிம்பிக் கண்டவர். அமெரிக்காவின் ஜான் பவல் 40 வயதில், 1987 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். மிகோலாஸின் தந்தை விர்கிலியஸ் அலெக்னா 2000-லும் 2004-லும் ஒலிம்பிக் தங்கம், 36 வயதில் 2008-ல் வெண்கலம்.

ஆனால் உடம்பு சும்மா விடுவதில்லை. ஒரே பக்கமாகப் பல்லாயிரம் முறை முறுக்கிய முதுகும் முழங்காலும் ஒருநாள் வட்டியோடு கேட்கும். ஜெர்மனியின் ராபர்ட் ஹார்ட்டிங் 2009 பெர்லினில் சொந்த மக்கள் முன்னால் கடைசி வீச்சில் உலகத் தங்கம் வென்றவர். 2011, 2013 உலகப் போட்டிகளும் 2012 ஒலிம்பிக்கும் அவருக்கே. லண்டனில் வென்றதும் சட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, பெண்கள் தடை ஓட்டத்துக்கு வைத்திருந்த தடைகளைத் தாண்டி ஓடினார். 2014-ல் முழங்கால் தசைநார் அறுந்தது. தேறி 2016 ரியோவுக்கு வந்தார். தகுதிச் சுற்றுக்கு முன்னால், படுக்கையிலிருந்தபடி காலை நீட்டி விளக்கை அணைக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. இறுதிக்கு வரவில்லை. தங்கத்தை வென்றது அவருடைய தம்பி கிறிஸ்டோஃப், அதுவும் கடைசி வீச்சில்.

தூரங்களை ஒப்பிடும்போது பேசாமல் விட முடியாத ஒன்று ஊக்கமருந்து. கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டம் போட்டு வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது, பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிடைத்த கோப்புகளால் வெளிவந்தது. அப்பால் இருந்தவர்களும் சுத்தம் இல்லை. அமெரிக்காவின் பென் பிளக்நெட் 1981-ல் எறிந்த 72.34 ஊக்கமருந்துக் குற்றத்தால் ரத்தானது. 2004 ஏதென்ஸில் ஹங்கேரியின் ராபர்ட் ஃபசெகாஸ் முதலிடம் வந்து, சோதனைக்கு முறையாக மாதிரி தராததால் தங்கத்தை இழந்தார். அது தந்தை அலெக்னாவிடம் வந்தது. பெர்கோவிச்சுமே 2011-ல் ஆறு மாதத் தடையில் இருந்தவர். பெண்கள் பட்டியலில் இதன் சுவடு அப்பட்டம். சியோலில் மார்ட்டினா ஹெல்மான் 72.30 எறிந்து வென்றார். 36 ஆண்டு கழித்து பாரிஸில் ஆல்மன் 69.50 எறிந்து வென்றார். உணவும் பயிற்சியும் வீடியோ ஆய்வும் வளர்ந்த காலத்தில் தூரம் குறைந்தது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ரமோனா காற்றிலேயே 2025-ல் ஆல்மன் எட்டியது 73.52தான்.

இந்தியாவில் இந்த வாழ்க்கை எப்படி இருக்கிறது? 1954 மணிலா ஆசியப் போட்டியில் குண்டிலும் வட்டிலும் பர்துமன் சிங் தங்கம் வென்றார். அப்புறம் நீண்ட இடைவெளிகள். நாடு திரும்பிப் பார்த்தது 2010 அக்டோபரில், டெல்லி காமன்வெல்த் போட்டியில். கிருஷ்ணா பூனியா 61.51 எறிந்து தங்கம். ஹர்வந்த் கவுர் வெள்ளி, சீமா அந்தில் வெண்கலம். மூன்றும் நமக்கே. 1958-ல் மில்கா சிங் வென்றதற்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. குழந்தை பெற்ற பிறகு, கணவரையே பயிற்சியாளராகக் கொண்டு வந்தவர் கிருஷ்ணா. பின்னாளில் ராஜஸ்தான் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார்.

அவருடைய சிறந்த வீச்சு 64.76. எங்கே? ஹவாயின் மாவி தீவில், 2012 மே மாதம். அதே ஆண்டு ஏப்ரலில் விகாஸ் கவுடா 66.28 எறிந்து இந்திய சாதனை படைத்தார். எங்கே? ஓக்லஹோமாவில். மைசூரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் கவுடா. லண்டன் ஒலிம்பிக் அரங்கில் கிருஷ்ணா எறிந்தது 63.62, ஏழாம் இடம். ரஷ்ய வீராங்கனை ஊக்கமருந்தில் சிக்கியதால் பின்னர் ஆறாவது ஆனது. கவுடா 64.79, எட்டாம் இடம். காற்றுக் களத்தில் வந்த தூரத்தை அரங்கில் ஓரிரு மீட்டருக்குள் திரும்ப எடுத்தார்கள் இருவரும். உலகத் தரத்தில் இது மோசமில்லை. சில்வெஸ்டர் மெக்சிகோவில் இழந்தது ஆறரை மீட்டர். ஆனால் பத்திரிகைகள் தேசிய சாதனை எண்ணை வைத்துக்கொண்டு பதக்கக் கணக்குப் போட்டு, பிறகு ஏமாந்ததாக எழுதின. அந்த எண் எந்தக் காற்றில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கமல்பிரீத் கவுர் கதை இன்னும் கூர்மையானது. 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் 65.06 எறிந்து 65 மீட்டரைத் தாண்டிய முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 64.00 எறிந்து இரண்டாவது. இறுதியில் மழை, ஈரவட்டம், அதிலும் 63.70 எறிந்து ஆறாம் இடம். பெரிய அரங்கில் அதுவரை எறிந்தே பழகாத பெண்ணுக்கு அது சாதாரணமல்ல. அடுத்த ஆண்டே ஸ்டீராய்டு சோதனையில் சிக்கி மூன்றாண்டுத் தடை பெற்றார். சீமாவுக்கோ 2000-ல் உலக ஜூனியர் தங்கமே சளி மருந்தில் இருக்கும் ஒரு பொருளால் பறிபோனது. அதிலிருந்து எழுந்து 2014 ஆசியப் போட்டித் தங்கமும், நான்கு காமன்வெல்த் போட்டிகளில் பதக்கமும் வென்றார். அந்த நான்கில் ஒன்றுகூடத் தங்கமில்லை.

ஓர்ட்டரின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 1968-க்குப் பிறகு ஒதுங்கியவர், நாற்பதை நெருங்கும்போது மறுபடி வட்டை எடுத்தார். 1980-ல் 43 வயதில் கான்சாஸின் விச்சிட்டாவில் 69.46 எறிந்தார். நான்கு தங்கம் வென்ற எந்த நாளிலும் எறியாத தூரம். கடைசித் தங்கத்தைவிட நாலரை மீட்டர் அதிகம். அதற்குப் பதக்கம் கிடையாது. அமெரிக்கத் தகுதிப் போட்டியில் நான்காவதாக வந்தார்; மூன்றாவதாக வந்திருந்தாலும் மாஸ்கோ போயிருக்க முடியாது, நாடே புறக்கணித்த ஒலிம்பிக் அது.

2007-ல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் ஃபுளோரிடாவில் ஓவியம் வரைந்துகொண்டிருந்தார். தரையில் சாயத்தைக் குளம்போல ஊற்றி, எதிரே வெள்ளைத் திரைச்சீலையை நிறுத்தி, வட்டை எடுத்து அந்தச் சாயத்தில் ஓங்கி எறிவார். தெறித்தது படம். சாயம் காய்ந்ததும் வட்டில் கையெழுத்திட்டுப் படத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவாராம்.